வெள்ளையனின் சுண்ணாம்பு டப்பி

எனக்குச் சாமி உண்டு, பேய் கிடையாது. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகிற சாலையில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். அண்டா, குத்துவிளக்கு, மரப்பெட்டி, சுவர்க் கடிகாரம், ஊறுகாய் ஜாடி என்று செத்துப் போனவர்கள் புழங்கிய பொருள்களுக்கு நடுவில்தான் எனக்குப் பொழுது விடிகிறது, பொழுது போகிறது. ஆவி கீவி என்று ஒன்று இருந்தால் முதலில் என் கழுத்தைத்தான் பிடித்திருக்க வேண்டும், இதுவரை ஒன்றும் பிடிக்கவில்லை. சாமான் விற்க வருகிறவர்கள் கூடவே ஒரு கதையையும் தூக்கிக்கொண்டு வருவார்கள், ஜமீன் வீட்டு விளக்கு, சித்தர் கொடுத்த செம்பு என்று. கதை சொன்னால் விலை ஏறும் என்று நினைப்பு. "கதைய வூட்லயே வுட்டுட்டு வாங்க, சாமான மட்டும் குடுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் இப்போது கதையோடு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

சாமானைப் பார்த்ததும் பழசா, பழசு மாதிரிப் பண்ணினதா என்று தெரிந்துகொள்வதுதான் என் பிழைப்பு. புதுப் பித்தளையை அமிலத்தில் முக்கி, எருக்குழியில் புதைத்து எடுத்து வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதில் அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அப்பியிருக்கும். நிஜமான பழசில் அப்படி இருக்காது, மனிதர் கை பட்ட இடம் வழுவழுவென்று தேய்ந்து மின்னும், கை படாத இடுக்கில் அழுக்கு கறுத்துக் கிடக்கும். எந்தக் கையால் பிடித்தார்கள், எங்கே கட்டைவிரல் வைத்தார்கள் என்பது வரை அந்தத் தேய்மானமே சொல்லிவிடும். இதையெல்லாம் புளி போட்டுத் துலக்கி ஒரே நாளில் அழித்துவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழைய பித்தளைக்கு வெறும் பருத்தித் துணி போதும். என் மனைவி மல்லிகாவிடம் இருபது வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம், நல்ல பகல் வேளையில், சின்னப்பொண்ணு கடைக்கு வந்தாள். கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் நடந்து போக வேண்டிய ஊர். சந்தைக்குப் புளியும் கடுக்காயும் கொண்டு வருகிறவள், முன்பு ஒரு வெண்கலக் கும்பாவை எனக்கு விற்றிருந்ததால் பழக்கம். கூட அவள் கொழுந்தன் சடையன், அதாவது புருஷனுடைய தம்பி. அவன் வாசலிலேயே நின்றுகொண்டான். அவள் முந்தானையை அவிழ்த்து ஒரு சுண்ணாம்பு டப்பியை எடுத்து மேஜையில் வைத்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற மாங்காய் வடிவப் பித்தளை டப்பி, மேலே கொடி வேலைப்பாடு, சின்னச் சங்கிலி. கையால் அடித்த கீல். எத்தனை வருஷமாக இந்த மாதிரி ஒன்றுக்கு நான் அலைந்திருப்பேன் தெரியுமா. எச்சில் ஊறியது என்றே சொல்லலாம்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த இடம் வழக்கமான பக்கத்தில் இல்லை, எதிர்ப்பக்கம் மின்னியது.

"உங்க வூட்டுக்காரரு பீச்சாங்கைக்காரரா?" என்று கேட்டேன்.

அவள் சடையனைத் திரும்பிப் பார்த்தாள். "நான் சொல்லலியே. நீ சொன்னியா சடையா?"

"நான் இன்னாத்துக்கு அண்ணி சொல்லப் போறேன்" என்றான் அவன்.

"அப்ப இவருதான் சரியான ஆளு" என்று சொல்லிவிட்டு அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "அண்ணே, இது விக்கறதுக்கு இல்ல. எனக்கு ஒரு ஞாயம் ஆவணும்."

விஷயம் இதுதான். அவள் புருஷன் வெள்ளையன் மிளகு பறிக்கிற வேலைக்கென்று மலை ஆட்களோடு கர்நாடகா பக்கம் எஸ்டேட்டுக்குப் போனவன். வழியில் பஸ் நின்ற இடத்தில் டீ குடிக்க இறங்கினான், திரும்ப ஏறவில்லை. தேடினார்கள், போலீசில் சொன்னார்கள், ஒன்றும் தெரியவில்லை. ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. புறப்படும்போது டப்பியை அவளிடம் கொடுத்து, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இப்போது ஊரில் பெரியவர்கள் கருமாதி பண்ணிவிடலாம் என்கிறார்கள். பண்ணினால் அவள் தாலியைக் கழற்ற வேண்டும். அவள் மாட்டேன் என்கிறாள்.

"இந்த டப்பி மங்கவே இல்லண்ணே. அது கட்டவெரல் வெக்கிற எடம் அப்டியே மின்னிக்கினு இருக்குது பாருங்க. தொடுற ஆளு இருந்தாத்தான மின்னும்? உசுரோட இருக்கற மனுசனுக்கு எப்டிண்ணே கருமாதி பண்றது?"

"அண்ணியே தேய்ச்சிக்கினு இருக்கறாங்கன்னு ஊர்ல பேசுறாங்க" என்றான் சடையன். அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள், சொல்லும்போது அவன் குரலே சரியில்லை. "கருமாதி பண்ணாம வுட்டா எங்கண்ணன் எங்கியோ பசியோட அலைஞ்சிக்கினு இருக்குமேன்னுதான் எனக்கு. வேற இன்னா இருக்குது எனக்கு."

இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். டப்பி தை பிறக்கிற வரை யாருக்கும் வேண்டியவன் வேண்டாதவன் இல்லாத ஒரு ஆளிடம் இருக்கட்டும். அதற்குள் அந்தக் கட்டைவிரல் இடம் மங்கிவிட்டால் கருமாதி. மங்காவிட்டால் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. மங்கினால் டப்பியை எனக்கே விலைக்குக் கொடுத்துவிடுவதாகவும் அவள் சொன்னாள்.

மழைக்காலத்தில் எந்தப் பித்தளையும் மங்கும், இதில் சந்தேகமே கிடையாது. அவள் தாலி போய்விடும், டப்பி எனக்கு வந்துவிடும். அதை நினைத்தபோது சங்கடமாகத்தான் இருந்தது, ஆனாலும் சரி என்றேன். மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே பழைய சுண்ணாம்பு காய்ந்து கல்லாகிக் கிடந்தது, ஊசியால் குத்திப் பார்த்தும் இறங்கவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு பீரோ ஒன்று இருக்கிறது, நல்ல பொருளை அதில்தான் வைப்பேன், சாவி எப்போதும் என் இடுப்பில். அதன் அடித்தட்டில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் டப்பியை வைத்து, அவர்கள் கண் முன்னாலேயே பூட்டினேன்.

எழுந்து போகும்போது அவளாகவே சொன்னாள்: "வெத்தல போட்டா மிச்ச சுண்ணாம்ப செவுத்துலதான் தேய்க்கும். அது குந்தற எடத்துல செவுரு முச்சூடும் இழுவிக் கெடக்கும், நான் திட்டிக்கினே இருப்பேன். போனதுலேந்து அந்தச் செவுரு மட்டும் நான் பூசவே இல்லண்ணே."

ஆவணி போய் புரட்டாசியும் பாதி ஆனது. அந்த வருஷம் நல்ல மழை. பீரோவில் இருந்த மற்ற சொம்பும் விளக்கும் தவிட்டு நிறத்துக்குப் போய்விட்டன. டப்பியும் மங்கியது, அதன் கொடி வேலைப்பாடு, அடிப்பக்கம் எல்லாம் கறுத்தன. கட்டைவிரல் இடம் மட்டும், எதிரில் மூன்று விரல் பிடிக்கிற இடம் மட்டும், நேற்றுத் தொட்ட மாதிரி மின்னியது. அந்த இடத்தில் உலோகக் கலவை வேறாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். காரணம் சொல்லத் தெரியாவிட்டால் என் தொழிலில் கலவை என்று சொல்லிவிடுவது வழக்கம்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. நான் காலையில் சங்கராபுரத்தில் ஒரு பழைய வீட்டுச் சாமான்களைப் பார்த்துவிட்டு வருவதற்குள், மல்லிகா, அன்றைக்குப் பார்த்து நான் வீட்டில் கழற்றி வைத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, பீரோவையே காலி பண்ணி, உள்பக்கமெல்லாம் ஈரத்துணி போட்டுத் துடைத்து, இருந்த பித்தளை அத்தனையையும் புளியும் பொடியும் போட்டுத் துலக்கிவிட்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமப் பொட்டு. சுண்ணாம்பு டப்பி நகைக்கடையிலிருந்து வந்தது போல இருந்தது.

"இன்னாங்க அப்டிப் பாக்கறீங்க? பூசைக்கு அழுக்கு சாமான வெப்பாங்களா?" என்றாள்.

ஒரு பெண்ணின் தாலி அந்த அழுக்கில் இருந்தது என்று அவளிடம் சொன்னபோது, அவளும் முகம் செத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊர் ஊராக எல்லாப் பித்தளையும் துலக்கப்படுகிற நாளை நான் மறந்தது என் புத்திசாலித்தனம். இனி டப்பி முழுக்க மின்னும், பிறகு முழுக்க மங்கும், அதைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. பொட்டுகளைத் துடைத்து, துணியால் பிடித்தே எடுத்துத் திரும்ப அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன். மலைக்கு ஆள் அனுப்பிச் சொல்லலாமா என்று யோசித்தேன், தைரியம் வரவில்லை.

நம்பினால் நம்புங்கள், பத்து நாள் போயிருக்கும். காலையில் கடையைத் திறந்து விளக்கு ஏற்றிவிட்டுப் பீரோவைப் பார்த்தேன். பளபளவென்றிருந்த டப்பியில் கறுப்பாக விரல் தடம். ஒரு கட்டைவிரல், எதிரில் மூன்று விரல்.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாள்பட்ட பித்தளையைத் தினமும் தொட்டால் மின்னும், ஆனால் புதிதாகத் துலக்கிய பித்தளையை வெறுங்கையால் தொட்டால் வியர்வை பட்ட இடம் சில நாளில் கறுத்துவிடும். அதனால்தான் துணியால் பிடிக்கிறோம். மல்லிகா துலக்கிவிட்டு வெறுங்கையால் எடுத்திருப்பாள் என்று நினைத்து, தடத்தைத் துடைத்து எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன், சாவியை அரைஞாண் கயிற்றிலேயே முடிந்துகொண்டேன். கார்த்திகை பிறப்பதற்குள் அதே தடம் அதே இடத்தில் மறுபடி வந்தது. மல்லிகாவின் விரலை வைத்துப் பார்த்தேன், சிறிசு. என் விரலை வைத்துப் பார்த்தேன், பெரிசு. அதோடு அது இடது கை. அன்றைக்கு முதல்முறையாக, பட்டப்பகலில், சாலையில் லாரி போய்க்கொண்டிருக்கும்போது எனக்குப் பயமாக இருந்தது. அதற்கப்புறம் நான் அதைத் துடைக்கவில்லை.

தை பிறந்து மாட்டுப் பொங்கல் கழிந்ததும் இரண்டு பேரும் வந்தார்கள். சின்னப்பொண்ணு நல்ல புடவை கட்டியிருந்தாள், கையை மட்டும் ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், பூஜைக்குத் துலக்கியது, தடம் வந்தது, துடைத்தது, மறுபடி வந்தது. பீரோவைத் திறந்து, துணியோடு டப்பியை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"இது உங்க கையாத்தாண்ணே இருக்கும்" என்றான் சடையன்.

நான் என் இடது கட்டைவிரலை அந்தத் தடத்தின் மேல் வைத்துக் காட்டினேன். அவன் பார்த்தான். பிறகு தன் விரலை வைக்க வந்து, வைக்காமல் எடுத்துக்கொண்டான். மூடியைத் திறந்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். விரல் நுனியில் வெள்ளையாக, ஈரமாகச் சுண்ணாம்பு ஒட்டி வந்தது. ஊசி இறங்காத சுண்ணாம்பு என்று சொன்னேனே, அதே டப்பி.

உள்ளே எங்கிருந்து ஈரம் வந்தது என்று பார்க்க எழுந்து, பீரோவின் அடித்தட்டில் கை விட்டு, முன்னால் இருந்த சொம்புகளை நகர்த்தினேன். பின்பலகை தெரிந்தது. மல்லிகா ஈரத்துணி போட்டுத் துடைத்த அந்தக் கறுந்தேக்குப் பலகையில், தரையில் குந்தின ஆள் கையை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு இழுவல்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒன்றுக்கு மேல் ஒன்று. எல்லாம் இடது கை இழுத்த சாய்வு.

சின்னப்பொண்ணு என் பக்கத்தில் வந்து மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திட்டினாள்.

"பாத்தியா இந்த மனுசன. அடுத்தவங்க வூட்டு சாமான்ல கூட இழுவி வெச்சிருக்குது பாரு. எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன்."

முந்தானை நுனியை எடுத்துத் துடைக்கப் போனாள். கை பாதியில் நின்றது. அப்படியே எழுந்து, டப்பியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "நான் சொன்னன்ல சடையா, அது இருக்குதுன்னு" என்றாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஆமா அண்ணி. இனிமே ஊர்ல யாரும் பேச மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்" என்றான் அவன்.

அவளைப் பஸ் நிற்கிற இடத்துக்கு முன்னால் நடக்கவிட்டு, துண்டை மறந்துவிட்டேன் என்று அவன் மட்டும் கடைக்குத் திரும்பி வந்தான். துண்டு தோளிலேயே இருந்தது.

"அண்ணே, உசுரோட இருக்கற ஆளு பூட்டின பீரோவுக்குள்ள எப்டிண்ணே வருவாரு?"

உண்மையைச் சொன்னால், அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

"எங்கண்ணன் போயிடுச்சி. அண்ணிகிட்ட சொல்லிக்க வேணாம். அது தாலியோட இருக்கட்டும். நான் காட்டுல தனியா சோறு வெச்சிக்கறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு பீரோவைப் பார்த்தான். "இங்க பழகிடுச்சி போல. முடிஞ்சா அமாவாசைக்கு ஒரு வெத்தல பாக்கு வைங்கண்ணே."

இப்போதும் எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டேன், பீரோவுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை. அந்த ஐந்தாறு மாதம் என் முதுகுக்குப் பின்னால் யாரோ குந்தி வெற்றிலை மென்றுகொண்டிருந்திருக்கிறார்கள் என்ற நினைப்பு வராமல் இருக்க வேண்டும் அல்லவா. அமாவாசைக்கு ஒரு வெற்றிலையும் பாக்கும் அடித்தட்டில் வைக்கிறேன். ஒரு பையன் தன் அண்ணனுக்காகக் கேட்டான், அதற்காக. மறுநாள் பார்த்தால் வைத்தது வைத்தபடி வாடிக் கிடக்கும், எடுத்து வெளியே போட்டுவிடுவேன். டப்பி போனபிறகு புது இழுவலும் வரவில்லை. சடையன் சோறு வைத்ததில் வெள்ளையன் மலைக்கே போய்விட்டான் போலிருக்கிறது என்று மல்லிகாவிடம் கேலியாகச் சொல்லவும் ஆரம்பித்திருந்தேன்.

போன மாசி அமாவாசை சந்தை நாளாக அமைந்தது. சின்னப்பொண்ணு புளி விற்றுவிட்டுக் கடைக்கு வந்தாள். வரும்போதெல்லாம் டப்பியைக் காட்டுவாள். "மின்னிக்கினு இருக்குதாண்ணே?" என்பாள், நான் பார்த்துவிட்டு "இருக்குதும்மா" என்பேன். நிஜமாகவே மின்னத்தான் செய்கிறது. அன்றைக்கு அவள் கண் அடித்தட்டில் இருந்த வெற்றிலை மேல் விழுந்துவிட்டது.

"யாருக்குண்ணே இது?"

கடைக்கு வருகிறவர்களுக்கு என்று ஏதோ உளறினேன். பூட்டின பீரோவுக்குள் யாருக்கு வெற்றிலை வைப்பார்கள். அவள் என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, இழுவலைப் பார்த்த அன்றைக்கே தெரிந்திருக்கலாம். சடையன் அவளுக்காக மறைக்கிறான், அவள் சடையனுக்காகத் தெரியாதது போல இருக்கிறாள்.

"பீரோவத் தொறங்கண்ணே" என்றாள். திறந்தேன்.

"சுண்ணாம்பு வெக்காம வெத்தல வெச்சா அது எப்டித் தொடும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே டப்பியைத் திறந்து, விரலில் எடுத்து, வெற்றிலையின் முதுகில் பதமாகத் தடவி மடித்து வைத்தாள். விரலில் மிச்சம் இருந்த சுண்ணாம்பைப் பின்பலகையில், அந்தப் பழைய இழுவல்களுக்குப் பக்கத்தில், ஒரு இழுப்பு இழுத்தாள். பிறகு கழுத்தில் தாலியைச் சரிசெய்துகொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.

நான் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் கடையைத் திறந்து விளக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தேன். பூட்டு பூட்டினபடி இருந்தது, கண்ணாடிக்குள் சொம்பெல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. வெற்றிலை இல்லை, பாக்கும் இல்லை.